ஈரச்சேணத்துக்கு இரண்டு மதிப்பெண்

"புள்ளி எங்க?" என்று கேட்டாள் ஜோலின்.

கை நிறையக் கொண்டுவந்த விறகை அடுப்புப் பக்கம் போட்டுவிட்டு, ஸ்வெட்டரில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டாள். ரூஃபஸ் அப்போதுதான் மேசைமுன் உட்கார்ந்திருந்தான். எதிரே இருபத்து நான்கு எஃகுச் சிமிழ்கள் அடுக்கிய தட்டு. வலப்பக்கம் கண்ணாடிக் குழாய் வைத்த மேசைக் கருவி, இடப்பக்கம் உள்ளங்கையில் அடங்குகிற பேட்டரிக் கருவி. உப்பில்லாத பிஸ்கெட், வெந்நீர், நோட்டுப் புத்தகம், பென்சில். எல்லாவற்றின் மேலும் ஸ்பிரிட் வாடை, ஆஸ்பத்திரி கெட்டது போங்கள்.

"என்ன புள்ளி?"

"தட்டு மூலையில வெச்ச புள்ளி. மார்க்கர் பேனாவுல. முதல் சிமிழ் எதுன்னு தெரிய வேண்டாமா?"

"ஓ, அதுவா. ஏதோ கறைன்னு நெனச்சுத் துடைச்சிட்டேன்" என்றான் ரூஃபஸ், கொஞ்சமும் கவலையில்லாமல்.

துடைப்பதில் அவனுக்கு நிகர் அந்த மலையில் கிடையாது. கருவியின் உட்குழாயில் நேற்றைய பிசின் ஒரு கடுகளவு இருந்தாலும் இன்றைய ருசி கெட்டது என்பது அவன் வேதம். அதனால் சுவைக்க உட்காருமுன் குழாய், மூடி, மேசை, தட்டு, கதவுக் கைப்பிடி வரை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பான். பூனை ஓடிவிடும்.

அவனைச் சும்மா கிறுக்கன் என்று நினைத்துவிட வேண்டாம். ஹம்போல்ட் மலைப் பக்கம் ரூஃபஸ் டேலியின் நாக்கு என்றால் கோர்ட்டுத் தீர்ப்பு. ஒவ்வொரு டிசம்பரும் மலைச் சங்கம் அந்த வருடத்துக் கஞ்சாப் பூவுக்குப் போட்டி வைக்கும். பயிரிடுகிறவர்கள் கொடுக்கும் மொட்டுகள் பெயரில்லாமல், வெறும் எண் ஒட்டிய இருபத்து நான்கு ஜாடிகளில் ஐந்து நடுவர்களின் வீட்டுக்கும் போகும். இரண்டு வாரம் அவகாசம். ஒவ்வொன்றையும், கொளுத்தாமல் சுட வைத்து ஆவியை மட்டும் தரும் அந்த இரண்டு கருவியிலும் போட்டு இழுத்துப் பார்த்து, ருசிக்குப் பத்து, கிறக்கத்துக்குப் பத்து, கீழே இரண்டு வரி. ரூஃபஸ் பத்தொன்பது வருடமாக நடுவன். மற்ற நால்வர் எழுதுவதைப் படிப்பார்கள், ரூஃபஸ் எழுதுவதை மனப்பாடம் செய்வார்கள். விதைக் கடைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் அவன் நாக்குக்குத்தான் கூலி கொடுத்தார்கள், அதில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ருசிக்கு மேசை, கிறக்கத்துக்குப் பை என்பது அவன் வாக்கு. மேசைக் கருவி காற்றைச் சுட வைத்து அனுப்பும். அதில் ருசி இழை இழையாகப் பிரிந்து வரும்: முதலில் பழம், பிறகு மிளகு, கடைசியில் மண். சட்டைப்பையில் அடங்கும் பேட்டரிக் கருவி எல்லாவற்றையும் ஒரே கரண்டியில் அள்ளி வாயில் திணித்துவிடும், ஆனால் தலைக்கு ஏறுவது சீக்கிரம். கிறக்கத்தை அளக்க அவனிடம் ஒரு முறை இருந்தது. ஆற்று மீனுக்குத் தூண்டிலில் மாட்ட, இறகும் நூலும் வைத்துப் பொய்ப்பூச்சி கட்ட உட்காருவான். அரை மணியில் மூன்று கட்டினால் அது புத்தியைத் தீட்டும் ரகம். ஒரு இறகையே கையில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தால் அது வேறு ரகம்.

நடுவரின் கண்ணில் மொட்டு படக் கூடாது என்பதும் அங்கே எழுதாத சட்டம். ஊதா நிறத்தையும் மேலே பூத்த வெள்ளைப் பொடியையும் பார்த்துவிட்டால் நாக்கு விலைபோய்விடும். அதனால் வீட்டில் வேறு யாராவதுதான் அரைத்துச் சிமிழில் அடைக்க வேண்டும். ரூஃபஸின் தங்கைதான் அந்த வேலையைச் செய்துவந்தாள், சிமிழுக்குச் சிமிழ் எண்சீட்டு ஒட்டுவாள். அவள் ஓரெகன் பக்கம் குடிபோனதும் போன வருடம் முதல் அவன் மனைவி ஜோலின். அவளுக்குச் சீட்டு ஒட்டப் பொறுமையில்லை, ஒரு புள்ளி போதும் என்பாள். ஆனால் மற்றபடி அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. போன வருடம் அக்டோபரில் இருவரையும் போட்டுப் பார்த்த காய்ச்சல் அவள் மூக்கை ஒரேயடியாகக் கொண்டுபோயிற்று. ரூஃபஸுக்குப் பத்து நாளில் வாசனை திரும்பியது, அவளுக்கு இன்னும் பூண்டும் ரோஜாவும் ஒன்று. "இந்த வேலைக்குன்னே செஞ்ச மூக்கு" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

"கறையா?" என்றாள் இப்போது. "போன வருஷமும் வெச்சேனே. அதையும் துடைச்சியா?"

ரூஃபஸ் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். "துடைச்சிருப்பேன். அதனால என்ன, மேல் மூலையிலேருந்து ஆரம்பின்னு சொன்ன, ஆரம்பிச்சேன்."

"மேல் மூலைன்னா புள்ளி வெச்ச மூலை. நான் அடுப்புப் பக்கம் உக்காந்துல்ல நிரப்பினேன். குளிருக்கு அங்கதான உக்கார முடியும்." அவள் மேசையைச் சுற்றி வந்தாள். "எனக்கு மேல்னா உனக்குக் கீழ்."

சொல்லிக்கொண்டே தட்டைப் பிடித்து அரை வட்டம் திருப்பினாள். எஃகு மரத்தில் உராய்ந்தது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லாத தட்டு. நாலு வரிசை, வரிசைக்கு ஆறு. எப்படித் திருப்பினாலும் அதே தட்டுதான்.

"போன வருஷமும் நீ..." என்று ஆரம்பித்தான் ரூஃபஸ்.

"இங்கதான் உக்காந்தேன். நீயும் அங்கதான உக்காந்த. பத்தொன்பது வருஷமா ஜன்னல் பக்கம்தான உனக்கு."

ரூஃபஸ் தட்டின் இரு முனையையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்று இருபத்து நான்காகும். இரண்டு இருபத்து மூன்றாகும். அவன் மனம் வேறு எதையும் கணக்குப் போடாமல் நேரே ஒரு எண்ணுக்குத்தான் ஓடியது. எட்டு. எட்டு எங்கே போகும்? பதினேழுக்கு. பென்சில் உருண்டு கீழே விழுந்தது, அவன் குனியவில்லை.

"ரூஃப்? என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"வெண்டலோடது எட்டு" என்றான்.

வெண்டல் பிங்காம் அவனுக்கு நாற்பது வருடச் சிநேகிதன். இரண்டு பேரும் இருபது வயதில் ஒரே ஓட்டை வண்டியில் அந்த மலை ஏறியவர்கள். வெண்டலிடம் ஒரு ரகம் இருந்தது, பெயர் ஈரச்சேணம். மழையில் நனைந்த குதிரைச் சேணத்தின் வாசனை அதற்கு என்று அவன் வைத்த பெயர். அதற்கு விதை கிடையாது. தாய்ச்செடியில் போத்து வெட்டி, அதை வேர்பிடிக்க வைத்து, அதிலிருந்து மறுபடி போத்து வெட்டி, இருபத்தாறு வருடம் உயிரோடு வைத்திருந்தான். எல்லாவற்றையும் வாரிக் கொடுக்கிற மனிதன் அந்தப் போத்து ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. அவனுடைய ஒரே கஞ்சத்தனம் அது.

போன வருடம் எட்டாம் எண்ணுக்கு ரூஃபஸ் போட்டது பத்துக்கு இரண்டு. கீழே, 'நனைந்த அட்டைப்பெட்டி. உயிரில்லை. தலை கனக்கிறது, வேறொன்றும் இல்லை' என்று எழுதினான். முடிவு சொல்லும் நாளில்தான் எட்டு யாருடையது என்று தெரிந்தது. மற்ற நால்வர் ஏழும் எட்டும் போட்டிருந்தார்கள். அதை வெண்டல் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அன்று சங்க மண்டபத்துக்கு வெளியே நடந்ததை ரூஃபஸ் மறக்க முயன்று ஒரு வருடம் ஆகிறது. வெண்டல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அந்த நோயாடா?" என்று கேட்டான். எல்லோரும் அப்போது அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தார்கள். செடியைப் பார்த்தால் நன்றாகவே நிற்கும், ஆனால் உள்ளே வாசனையும் வீரியமும் செத்துப்போகும். கத்தரியில் ஒட்டி, தண்ணீரில் ஒட்டி அடுத்த தோட்டத்துக்குப் போகும். போத்திலிருந்து போத்துக்கு இறங்கும். வெண்டலின் தோட்டத்தை அடுத்து அவன் தம்பி மகள் ஃபெர்னின் நாற்றங்கால், மூவாயிரம் கன்று. பரிசோதனைக்கு அனுப்பினால் பதில் வர மூன்று வாரம்.

"உன் நாக்கை நம்பி ஒண்ணு செய்யலாமா?" என்று கேட்டான் வெண்டல்.

"இருபத்தாறு வருஷமா தெரிஞ்ச செடிடா. எனக்கே அடையாளம் தெரியலன்னா அதுல ஒண்ணுமில்லன்னுதான் அர்த்தம். நோய்தான்" என்று சொன்னான் ரூஃபஸ். சொன்னது மட்டுமா? மறுநாள் போய்ப் பக்கத்தில் நின்றான். தாய்ச்செடிகள் பதினொன்றையும் வேரோடு பிடுங்கி நெருப்பில் போட்டார்கள். மண்வெட்டி ரூஃபஸ் கையில் இருந்தது. மலையே வெண்டலைப் பாராட்டியது, அண்டை வீட்டுக்கு நோய் பரவாமல் தன் குடியைத் தானே கொளுத்திய மனிதன் என்று. அதற்குப் பிறகு அவன் எதையும் நடவில்லை. ஊருக்குள் ஒரு இரும்புக் கடையில் சாவி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது ரூஃபஸ் எழுந்து போய் அலமாரியைக் கலைத்து, போன வருட நோட்டை எடுத்தான். ஜோலின் வாங்கிப் புரட்டி, அவளே படித்தாள்.

"பதினேழு. ருசிக்கு ஒன்பதரை. 'எலுமிச்சைத் தொலி, எண்ணெய் போட்ட சேணம், புழுதியில் விழுந்த முதல் மழை. அரை மணியில் நான்கு பூச்சி கட்டினேன். வெண்டல் வீட்டு வாசனை. ஊகிக்கக் கூடாது.'" அவள் நிறுத்தினாள். "ஊகிக்கக் கூடாதுன்னு அடிக்கோடு வேற போட்டிருக்க."

நடுவன் ஊகிக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான். சட்டத்தை மதித்துத்தான் அன்று வாயை மூடிக்கொண்டான். முடிவு நாளில் பதினேழு ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் கண்ணாடிக் கூடாரத்துப் பூ என்று தெரிந்து, அதற்கே முதல் பரிசும் போனபோது, கம்பெனிப் பூவைச் சிநேகிதன் பூ என்று நினைத்த தன் அவசரத்தை எண்ணி வெட்கப்பட்டான். வெண்டலிடம் ஒரு வார்த்தை சொன்னானா? தோற்றவன் எதிரில் போய், உன்னுடையது என்று நினைத்து இன்னொருவனுக்கு ஒன்பதரை போட்டேன் என்று யார் சொல்வார்கள். அன்று சொல்லியிருந்தால் செடி பிழைத்திருக்கும். அட பாவி, நாக்கு சரியாகச் சொன்னது, எண்ணை நம்பி நாக்கைத் தள்ளிவைத்தாயே என்று அவன் தன்னையே சபித்துக்கொண்டான்.

"நிச்சயமா தெரியாம எதையும் முடிவு பண்ணாத. அந்த ஜாடிங்க கொட்டகையில இருக்கு" என்றாள் ஜோலின்.

போன வருடத்துப் பெட்டியைக் கட்டியது கட்டியபடி அவள்தான் கொட்டகையில் வைத்திருந்தாள். ரூஃபஸ் அதைத் தொட்டதில்லை. வெண்டல் கொடுத்த செத்த பூவை முகர்ந்து பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. இன்று கயிற்றை வெட்டி, எட்டு என்று ஒட்டிய ஜாடியை எடுத்தான். அடியில் நாலைந்து மொட்டுகள். மூடியைத் திருகியதும் கொட்டகை முழுக்கக் குதிரை வந்து நின்றது.

அவன் அப்படியே புல்வெட்டும் எந்திரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான். ஒரு வருடம் ஆகியும் சாகவில்லை. எலுமிச்சை, சேணம், மழை. நோயா? இதற்கா? மண்வெட்டியால் நெருப்பைத் தள்ளித் தள்ளி விட்ட தன் கைகளைப் பார்த்தான். காய்ந்த மொட்டிலிருந்து போத்து முளைக்காது. உலகத்தில் அந்தச் செடியில் மிச்சம் இருப்பது இந்த ஜாடியின் அடியில் இருப்பதுதான்.

"அதுதானா?" என்று வாசலில் நின்று கேட்டாள் ஜோலின். அவளுக்குத்தான் வாசனை இல்லையே.

அவன் தலையாட்டினான். அவளும் வந்து பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"புள்ளிய கெட்டியா வெச்சிருக்கணும். இல்ல, உன் தங்கச்சி மாதிரி சீட்டு ஒட்டியிருக்கணும்" என்றாள்.

"நீ வெச்ச. நான்தான் துடைச்சேன்."

"அவன்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லாம?"

"யோசிச்சுப் பேசு ரூஃப். நோயில போச்சுன்னு நம்பி, ஒரு மாதிரி மனசத் தேத்திக்கிட்டு, சாவி வெட்டிக்கிட்டிருக்கான். இப்பப் போயி, நல்லா இருந்த செடியத்தான்டா கொளுத்தினோம்னு சொன்னா அவனுக்கு என்ன லாபம்? சொன்னா உன் பாரம் எறங்கும். அவன் தலையில ஏறும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. சொல்லாமல் விட்டால் வெண்டலுக்கு நிம்மதி, ரூஃபஸின் பெயருக்கும் பங்கமில்லை. சொன்னால் சிநேகிதம் மிஞ்சுமா என்பதே சந்தேகம். மிஞ்சாது என்றுதான் அவனுக்குத் தோன்றியது. நாற்பது வருடம் ஒரு ஸ்பிரிட் துணியில் துடைத்துப்போகும். ஆனாலும் ஜாடியின் வாசனை மூக்கில் ஏறிய பிறகு வெண்டல் முகத்தைப் பார்த்து வானிலை பேசத் தன்னால் முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. மேசைக் கருவியைத் தூக்க முடியாது, மின்சாரம் வேண்டும். பேட்டரிக் கருவியையும் ஜாடியையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். எதற்கு அந்தக் கருவி என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. ஜோலின் தடுக்கவில்லை. "மெதுவா ஓட்டு" என்று மட்டும் சொன்னாள்.

கடையில் வெண்டல் ஒரு அம்மாளுக்கு அஞ்சல் பெட்டிச் சாவி வெட்டிக்கொண்டிருந்தான். எந்திரம் கீச்சென்று கத்தியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ரூஃபஸைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னடா கிழவா, போட்டி நேரத்துல ஊருக்குள்ள வந்திருக்க? ஸ்பிரிட் தீந்துபோச்சா?"

"உன்கிட்ட கொஞ்சம் பேசணும்."

வெண்டல் அவன் முகத்தைப் பார்த்தான். "யாருக்கு என்ன ஆச்சு? ஜோ நல்லாத்தான இருக்கா?"

"நல்லாருக்கா. வெளிய வா."

கடைக்குப் பின்னால் ஆற்றைப் பார்க்க ஒரு பெஞ்சு. வெண்டல் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மதியத்துக்குக் கொண்டுவந்த வான்கோழி சாண்ட்விச்சோடு வந்து உட்கார்ந்தான். பாதியைப் பிய்த்து நீட்டினான். ரூஃபஸ் வாங்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே, மூச்சு விடாமல், தட்டு, புள்ளி, ஸ்பிரிட், ஜன்னல் பக்கம், அடுப்புப் பக்கம், எட்டு, பதினேழு எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். முடித்து, "உன் செடிக்கு ஒண்ணுமே இல்லடா. நான்தான் கொன்னேன்" என்றான்.

வெண்டல் சாண்ட்விச்சை மென்றுகொண்டிருந்தான். மெல்லுவது நின்றது. கத்துவான், அடிப்பான், எழுந்து போவான் என்று ரூஃபஸ் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தான்.

"தட்டு திரும்பிப்போச்சா" என்றான் வெண்டல்.

"ஆமா."

"தட்டா?"

"ஆமாடா."

வெண்டல் எழுந்து தன் வண்டிக்குப் போனான். போய்விட்டான் என்றே ரூஃபஸ் நினைத்தான். கதவைத் திறந்து, முன்பெட்டியைக் குடைந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தான். மடிப்பில் கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்தது. பரிசோதனைக் கூடத்துக் காகிதம். தேதி போன ஜனவரி. ஈரச்சேணம், பதினொரு செடியின் இலை. நோய் இல்லை, நோய் இல்லை, நோய் இல்லை என்று பதினொரு வரி.

ரூஃபஸ் அதை இரண்டு தடவை படித்தான்.

"ஃபெர்னுக்காக அனுப்பினேன்" என்றான் வெண்டல். "நெருப்பு வெக்கிறதுக்கு முன்னாடி இலை கிள்ளி வெச்சிருந்தேன். அவ நாத்தங்கால்ல பரவியிருக்கான்னு தெரியணும்ல. மூணு வாரத்துல வந்துச்சு."

"ஒரு வருஷமாவா தெரியும்?"

"ம்."

"தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை..."

"என்னன்னு சொல்றது?" வெண்டல் காகிதத்தை வாங்கி மறுபடி மடித்தான். "செடில ஒண்ணுமில்ல. அப்ப வேற எங்கயோ கோளாறு. உங்க ரெண்டு பேருக்கும் அந்தக் காய்ச்சல் வந்துச்சு. ஜோவுக்கு மூக்கு போச்சு. சரி, இவனுக்கும் போயிருச்சு, வெளிய சொல்லாம சமாளிக்கிறான்னு நெனச்சேன். உன் பொழப்பே அந்த நாக்குல இருக்கு. இந்தக் காகிதம் வெளிய வந்தா மலை பூரா என்ன பேசும்? டேலிக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு பேசும். எரிஞ்சது எரிஞ்சுபோச்சு. இன்னொண்ணையும் எதுக்கு எரிக்கணும்னு விட்டுட்டேன்."

ஒரு வருடம் முழுக்கத் தன் சமையலுக்கு உப்பு சரியா என்றுகூட வெண்டல் கேட்டதில்லை. எந்தப் புதுப் பூவையும் நீட்டி இது எப்படி என்று கேட்டதில்லை. தன்மேல் கோபம் என்றே ரூஃபஸ் நினைத்திருந்தான். குருடன் எதிரில் வண்ணம் பேசாத மாதிரி இவன் ருசி பேசாமல் இருந்திருக்கிறான்.

"அப்படின்னா உன் நாக்கு நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டான் வெண்டல்.

"நல்லாத்தான் இருக்கு."

"சத்தியமா?"

"சத்தியமாடா."

வெண்டல் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "ஒரு வருஷமா உன் நாக்குக்குத் துக்கம் காத்தேன்டா, மடையா. செடிக்கு ரெண்டு மாசம்தான்."

அதைக் கேட்டதும் ரூஃபஸ் உடைந்துபோனான். அறுபத்தொரு வயது ஆள், பட்டப்பகலில், இரும்புக் கடைப் பின்புறத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதான். கொட்டகையில் வராத அழுகை, வண்டி ஓட்டும்போது வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. வெண்டல் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே மீதி சாண்ட்விச்சைத் தின்றான், வீணாக்கக் கூடாதே.

"சனிக்கிழமை மண்டபத்துல சொல்லப் போறேன்" என்றான் ரூஃபஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லார்கிட்டயும். எட்டும் பதினேழும் மட்டும் இல்ல, இருபத்து நாலும் தப்பு."

"சொல்லு. நியாயம்தான். ஆனா இந்தக் காகிதத்தப் பத்திச் சொல்லாத. அது நமக்குள்ள."

ரூஃபஸ் கோட்டுப் பையிலிருந்து ஜாடியை எடுத்து அவன் கையில் வைத்தான். வெண்டல் எண்ணைப் பார்த்தான். மூடியைத் திருகி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டான். வெகு நேரம் திறக்கவில்லை. பிறகு ஒரு மொட்டைக் கிள்ளி விரலால் உதிர்த்தான்.

"கொஞ்சம் காஞ்சுபோச்சு. கருவி வெச்சிருக்கியா?"

"பை கருவிதான் இருக்கு. ருசிக்கு மேசைதான்..."

"தெரியும் தெரியும். குடு."

உதிர்த்ததைச் சிமிழில் அடைத்துக் குறைந்த சூட்டில் வைத்தார்கள். வெண்டல் முதலில் இழுத்தான், நெஞ்சில் நிறுத்தினான், ஆற்றின் பக்கம் விட்டான். கருவியை ரூஃபஸிடம் கொடுத்துவிட்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வருடத்துப் பூவைக் கொண்டுவந்து நீட்டிய அன்றும் இப்படித்தான் பார்த்தான்.

ரூஃபஸ் இழுத்தான். சூடு வந்தது. அழுது அழுது மூக்கு கல்லாக அடைத்திருந்தது. இன்னொரு தடவை, மெதுவாக, நாக்கின் மேல் உருட்டிப் பார்த்தான். வெந்நீர் ஆவி மாதிரி இருந்தது. எலுமிச்சை இல்லை, சேணம் இல்லை, மழை இல்லை. ஒன்றுமே இல்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் வெண்டல்.

பத்தொன்பது வருடத்தில் ருசி விஷயத்தில் ஒரு தடவைகூடப் பொய் சொல்லாதவன் அவன். நோட்டில் பதினேழாம் எண்ணுக்கு எழுதிய பக்கம் கண்முன் வந்து நின்றது.

"எலுமிச்சைத் தொலி" என்றான் ரூஃபஸ். "எண்ணெய் போட்ட சேணம். அப்புறம், புழுதியில விழுந்த முதல் மழை."

வெண்டல் தலையாட்டினான். "அதேதான்" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை இழுக்கக் கையை நீட்டினான்.